ஓட்டுப் போட்ட முகம்

சனிக்கிழமை மத்தியானம் விமானம். அதற்குள் நேந்திரங்காய் வறுவல் வாங்கி வைத்துவிட வேண்டும் என்றுதான் வியாழக்கிழமை காலை ஸ்ரீலேகா வீட்டிலிருந்து இறங்கினாள். மாட்டுங்கா ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், பூக்கடைகள் முடிகிற இடத்தில், வறுவல் கடைக்கு நேர் எதிரே விளக்குக் கம்பத்துக்கும் மரத்துக்கும் நடுவில் புதிதாக ஒரு ப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் ஒரு பெண் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள். கார்ப்பரேஷன் எலெக்‌ஷனில் எவளோ நிற்கிறாள் போலிருக்கிறது என்று பார்த்தவள் அடுத்த நொடி கிட்டே போய் இன்னொரு தடவை பார்த்தாள். சிரிப்பது அவளேதான்.

போன ஜூன் மாதம் அமெரிக்காவில் ஒரு பள்ளிக்கூட வாசலில் எடுத்துக்கொண்ட படம் அது. மேல்சட்டையில் ‘நான் ஓட்டுப் போட்டேன்’ என்று இங்கிலீஷில் எழுதிய வட்ட ஸ்டிக்கர். ப்ளெக்ஸ் அடித்த புண்ணியவான் அந்த ஸ்டிக்கரைப் பெரிதாக்கிச் சுற்றிலும் மஞ்சளில் ஒளிவட்டம் வேறு போட்டிருந்தான். கீழே தமிழிலும் மராத்தியிலும் கொட்டை எழுத்து: ‘அமெரிக்கா போயும் ஓட்டுப் போட மறக்காத நம்ம வார்டுப் பொண்ணு ஸ்ரீலேகா நாணு! மாடியை விட்டு இறங்கி வர உங்களுக்கு என்ன கஷ்டம்?’ அதற்கும் கீழே, அவளைவிட இரண்டு மடங்கு பெரிதாக, வேட்பாளர் கணேசபாண்டியன் கைகூப்பிக்கொண்டு நின்றார்.

பேர் வேறு போட்டிருக்கிறார்கள். பேர்!

“மேடம், யே ஆப் ஹி ஹோ நா?” இது நீங்கள்தானே என்று ஹிந்தியில் கேட்டான் வறுவல் கடைக்காரன், வாயெல்லாம் பல்லாக.

“நஹி, நஹி. கோயி அவுர் ஹோகா” என்று, அது வேறு யாரோ என்று சொல்லிவிட்டு ஸ்ரீலேகா துப்பட்டாவை இழுத்துத் தலையோடு மூடிக்கொண்டாள். வறுவல் பொட்டலம் கடையிலேயே கிடந்தது. கால் தரையில் பாவாமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

ஓட்டுப் போட்டதில் என்ன பயம் என்று கேட்கலாம். மாட்டுங்காவில் பாதிப் பேர் எலெக்‌ஷன் அன்றைக்கு ஓட்டே போடாமல் லோனாவ்லா மலைக்குச் சுற்றுலா போய்விடுகிறார்கள், அவர்களே பயப்படுவதில்லை. போன வாரம் வரைக்கும் ஸ்ரீலேகாவுக்கும் பயம் இல்லை. அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன், நாலு வயது சாதனாவைக் கணவன் அனந்திடம் விட்டுவிட்டு ஒரு மாதம் பார்த்துக்கொள்ள வந்திருந்தாள். அனந்த் அங்கே இரண்டு பேருக்கும் குடியுரிமைக்கு மனு நிரப்பிக்கொண்டிருந்தான். க்ரீன் கார்டு வாங்கி ஐந்து வருஷம் முடிந்துவிட்டது, இனிமேல் பிரஜை ஆகலாம். வீடியோவில் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துக்கொண்டே வந்தான்.

“எப்பவாவது இங்க ஓட்டரா ரெஜிஸ்டர் பண்ணினியா, ஓட்டுப் போட்டியான்னு கேக்கறான். ரெண்டுக்கும் நோ போடறேன்.”

“எஸ்ன்னு போடு. ஜூன்ல போட்டேனே. போட்டோ கூட அனுப்பினேனே உனக்கு.”

அனந்தின் முகம் அப்படியே நின்றுவிட்டது. நெட் போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள். “அது சாதனா ஸ்கூல்ல நீ பேரண்ட்ஸ் கமிட்டிக்குப் போட்டதுன்னு நெனச்சேன்” என்றான் மெதுவாக. “ஸ்ரீ, நாம இன்னும் சிட்டிசன் இல்லடி.”

லைசென்ஸ் புதுப்பிக்கப் போன இடத்தில் ஆரம்பித்த வினை அது. இடுப்பில் சாதனா கத்திக்கொண்டிருந்தாள். கவுண்டர் திரையில் கேள்விமேல் கேள்வி வந்தது. ஸ்ரீலேகா ஆமாம், ஆமாம், அடுத்தது என்று தட்டிக்கொண்டே போனாள். ஓட்டர் ஆகச் சம்மதமா? ஆமாம். எந்தக் கட்சி? இதென்ன கேள்வி என்று திகைத்து, பக்கத்து வீட்டு அம்மாள் தோட்டத்தில் எந்தக் கட்சிப் பலகை நட்டிருந்தாளோ அதைத் தட்டினாள். நடுவில் எங்கேயோ, நீங்கள் இந்த நாட்டுப் பிரஜையா என்றும் ஒன்று வந்திருக்கிறது. அதற்கும் ஆமாம்தான். அவள் படித்துக்கூடப் பார்க்கவில்லை.

கொஞ்ச நாளில் தபாலில் கார்டு வந்தது. கட்சியின் பேர் கார்டிலேயே அச்சாகியிருந்தது. மாட்டுங்கா வீட்டில் அப்பா எந்தக் கட்சிக்குப் போடுகிறார் என்பது நாற்பது வருஷமாக அம்மாவுக்கே தெரியாது. அங்கேயானால் சர்க்காரே அச்சடித்து அனுப்புகிறது. பக்கத்து வீட்டு அம்மாள் சிரித்துவிட்டு விளக்கினாள். நவம்பரில் நடக்கிற எலெக்‌ஷன் இந்தப் பக்கத்தில் வெறும் சடங்கு. தொகுதியின் எல்லையை எங்கள் கட்சிதான் வளைத்து வளைத்து வரைந்து வைத்திருக்கிறது, யாரை நிறுத்தினாலும் ஜெயிப்போம். யாரை நிறுத்துவது என்று ஜூனில் கட்சிக்குள் போடுகிற ஓட்டுதான் நிஜ ஓட்டு, அதற்கு அந்தக் கட்சிக் கார்டு வேண்டும், உன்னிடம் இருக்கிறதே, வந்து போடு என்றாள். க்ரீன் கார்டுக்காரர்கள் போடலாமா என்று ஸ்ரீலேகாவுக்கு ஒரு சின்னச் சந்தேகம் வரத்தான் வந்தது. சில ஊர்களில் பள்ளிக்கூட போர்டுக்குப் போடலாம் என்று யாரோ சொன்ன ஞாபகமும் இருந்தது. ஊருக்கு ஒரு சட்டம், மாநிலத்துக்கு ஒரு சட்டம் வைத்திருந்தால் மனுஷி எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்வாள்? அதனால் அப்பாவுக்குப் போன் போட்டாள்.

அப்பா நாணுவுக்கு எலெக்‌ஷன் என்றால் உயிர். இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்த காலம் முழுக்க எலெக்‌ஷன் டியூட்டிக்குக் கூப்பிட்டால் ஓடிப்போய்ப் பூத்தில் உட்கார்ந்தவர். அவர் சின்னப் பையனாக இருந்தபோது, மதராஸிகள் வெளியே போங்கள் என்று இந்த ஊரில் கல் விழுந்தது. கடைப் பலகைகளைக் கழற்றி உள்ளே வைத்த நாட்கள் அவை. அதற்கப்புறம் வந்த எலெக்‌ஷனில் அவருடைய அப்பா வேஷ்டியோடு வரிசையில் நின்று, மை வைத்த விரலைத் தூக்கிக்காட்டிக்கொண்டே தெருவில் நடந்து வந்தாராம். அன்றையிலிருந்து அந்த வீட்டில் மை வைத்த விரல்தான் பட்டா, பத்திரம் எல்லாம். ஒவ்வொரு எலெக்‌ஷனுக்கும் குடும்ப க்ரூப்பில் விரல் படம் போட்டாக வேண்டும், போடாதவர்களை நாணு பேர் சொல்லிக் கேட்பார்.

“ஓட்டர் ரோல்ல உன் பேர் இருக்கா?” என்று மட்டும் கேட்டார் அன்றைக்கு.

“இருக்குப்பா. கார்டே அனுப்பியிருக்கா.”

“அப்புறம் என்னடி கேள்வி? பேர் இருந்தா போடணும். பேரைச் சேக்கலாமா கூடாதான்னு பாக்கறது சர்க்காரோட வேலை, உன் வேலை இல்ல. போட்டுட்டுப் போட்டோ அனுப்பு.”

விரல் மை அங்கே கிடையாது. அதற்குப் பதிலாக ஸ்டிக்கரை ஒட்டிக்கொண்டு சிரித்துப் படம் எடுத்து அனுப்பினாள். குடும்ப க்ரூப்பில் கைதட்டல் மழையாகப் பொழிந்தது.

போன வாரம் அனந்த் ஒரு அமெரிக்க வக்கீலைக் கேட்டுவிட்டு, அவர் சொன்னதை அப்படியே அவளிடம் திருப்பிச் சொன்னான். பிரஜை இல்லாதவர் ஓட்டுப் போட்டால் நாட்டைவிட்டு அனுப்பலாம். பிரஜை என்று தப்பாகச் சொல்லியிருந்தால், அதற்கப்புறம் அந்த நாட்டில் காலே வைக்க முடியாமல் போகலாம். பேரைச் சேர்த்தது நாங்கள்தானே என்று அந்த சர்க்கார் ஒருநாளும் சொல்லாது. வெளியிலிருந்து உள்ளே வருகிறபோது ஏர்போர்ட்டில் எதையும் கேட்பார்கள். பொய் சொல்லாதே, கேட்காததைச் சொல்லாதே, யாரிடமும் இதைப் பற்றிப் பேசாதே என்றாராம் வக்கீல். போட்டோவை எல்லா இடத்திலும் அழித்துவிடு என்று அவர் சொல்லவில்லை. அதை அனந்த்தான் அழாத குறையாகச் சொன்னான். ஏனென்றால் அந்த ஜூன் எலெக்‌ஷனில் ஜெயித்தவர் விரல்விட்டு எண்ணக்கூடிய ஓட்டில்தான் ஜெயித்திருந்தார். பிரஜை அல்லாதவர்கள் போட்ட ஓட்டில்தான் நான் தோற்றேன் என்று தோற்றவர் கத்திக்கொண்டிருந்தார். அவருடைய ஆட்கள் பேர் பேராகத் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.

ஸ்ரீலேகா தன் போனில் இருந்ததை அழித்தாள். அப்பா, அம்மாவிடம் மூச்சு விடவில்லை. அம்மா தையல் பிரித்து நாலு நாள்கூட ஆகவில்லை. அப்பாவிடம் சொன்னால் பில்டிங் க்ரூப்பில் கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். இரண்டே நாள், வாயை மூடிக்கொண்டு விமானம் ஏறிவிடலாம் என்று இருந்தாள். அந்த நேரத்தில்தான் ஸ்டேஷன் வாசலில் அந்த ஒளிவட்டம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் நாணு எழுந்து வந்தார். “பாத்தியா? பாத்தியா? எப்படி இருக்கு? நான்தான் போட்டோ குடுத்தேன். கணேசபாண்டியன் நேர்ல வந்து கேட்டார். நம்ம ஜனங்கள் ஓட்டுப் போட வர மாட்டேங்கறா சார், உங்க பொண்ணைப் பாத்தாவது ரோஷம் வரட்டும்னார்.”

“அப்பா, அதை எடுக்கச் சொல்லு. இப்பவே.”

“ஏண்டி? மூக்கு பெருசா விழுந்திருக்கா?”

“எடுக்கச் சொல்லுன்னா எடுக்கச் சொல்லேன்!”

வாக்கரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்த விஜயலக்ஷ்மி மகளின் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். “என்னாச்சு இவளுக்கு? ஏன் இப்படி நடுங்கறா?”

“நீ என்ன குத்தமா பண்ணிட்டே, இப்படிப் பதறறே?” என்றார் நாணு.

“ஆமாம்ப்பா” என்றாள் ஸ்ரீலேகா. “குத்தம்தான் பண்ணிட்டேன்.”

சொல்லி முடித்தபோது குக்கர் விசில் அடித்து அடித்து ஓய்ந்திருந்தது. அதை அணைக்க யாரும் எழுந்திருக்கவில்லை. நாணு முதலில் ஒப்புக்கொள்ளவே இல்லை. “ரோல்ல பேர் இருந்துதே? பூத்துல யாரும் தடுக்கலையே? அப்ஜெக்‌ஷன் பண்ணணும்னா அங்கயே பண்ணியிருக்கணும், அதான் முறை” என்று தன் பழைய பூத்தில் உட்கார்ந்தே வாதாடினார்.

“அங்க அப்படி இல்லப்பா. ஒரே கமிஷன், ஒரே சட்டம்னு எதுவும் கிடையாது. லிஸ்ட்ல போடறது ஒருத்தர், எல்லை வரையறது கட்சிக்காரா, தப்புன்னா மாட்டிக்கறது நாம. ஆமாம்னு தட்டினது என் விரல்தானே?”

‘போட்டுட்டுப் போட்டோ அனுப்பு’ என்று சொன்னது யார் என்று அவள் சொல்லவில்லை. அவள் சொல்லாததுதான் நாணுவை உட்கார வைத்துவிட்டது.

“போகாதேயேன்” என்றாள் விஜயலக்ஷ்மி. “இங்கயே இரு. குழந்தைய அனந்தே கொண்டுவந்து விடட்டும். பட்டினியா கெடக்கப்போறோம்?”

“அம்மா, அவ நேத்திக்கு என் தலைகாணிய எடுத்து வெச்சுண்டு தூங்கினாளாம். எத்தனை தூக்கம் தூங்கினா அம்மா வருவான்னு அனந்தைக் கேக்கறாளாம். நான் போகாம எப்படி இருப்பேன்? போகாம இருந்தாலும் தப்ப ஒத்துண்ட மாதிரிதானே ஆகும்? பயமா இருக்கும்மா. ஏர்போர்ட்ல நிறுத்தி வெச்சுட்டா அவளை வெளியில கண்ணாடி வழியாக்கூடப் பாக்க முடியாது. அப்படியே திருப்பி ஏத்தி விட்டுடுவா. எனக்கு ரொம்பப் பயமா இருக்கு.”

அவள் அழுதாள். விஜயலக்ஷ்மியால் குனிய முடியவில்லை, நின்றபடியே மகளின் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். நாணு சட்டையை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றார். “வா, போய் எடுக்கச் சொல்லுவோம்” என்றார்.

ப்ளெக்ஸ் அடித்தவன் சுயம்பு. தாராவியை ஒட்டிய மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் கடை. எல்லாக் கட்சிக்கும் அவன்தான் ப்ளெக்ஸ் அடிப்பான். கடைக்குள் எதிரும் புதிருமான தலைவர்கள் ஒரே மூலையில் சுருட்டிக்கொண்டு சாய்ந்திருந்தார்கள். இந்த எலெக்‌ஷனுக்குக் கணேசபாண்டியனின் ரீல்ஸ் வேலையும் அவனிடம்தான் இருந்தது. ஸ்ரீலேகாவைப் பார்த்ததும் மெஷினை நிறுத்திவிட்டு ஓடி வந்தான்.

“வாங்க சார். எக்கா, நீங்களா! நேர்ல பாக்கதுக்கு மெலிஞ்சுல்லா இருக்கிய. ஊரு பூரா ஒங்க பேச்சுதான் போங்க. எதிர்ப் பார்ட்டிக்காரனுக்கு வயிறு எரியுது. என்ன போட்டிருக்கான்னு பாத்தியளா?”

போனை நீட்டினான். தாராவிச் சந்து ஒன்றில் கட்டியிருந்த அவளுடைய இன்னொரு ப்ளெக்ஸுக்கு முன்னால் எதிர்க் கட்சிக்காரன் ஒருத்தன் நின்று கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அமெரிக்காவில் ஓட்டுப் போட்டிருக்கிறாளே, அப்படியானால் இவள் அமெரிக்காக்காரிதானே, வெளிநாட்டுக்காரியின் படத்தை வைத்து மும்பையில் ஓட்டுக் கேட்கிறார்களே, இவள் எந்த நாட்டுப் பிரஜை, பதில் சொல்லுங்கள் என்று கத்தினான். எந்த நாட்டுப் பிரஜை. அவள் ராத்திரி பகலாக எந்தக் கேள்விக்குப் பயந்துகொண்டிருந்தாளோ, அதைத் தாராவிச் சந்தில் நின்று ஒருத்தன் மைக் வைத்துக் கேட்கிறான்.

“நம்ம ஆளு சும்மா வுடுவாரா? பதிலும் போட்டாச்சுல்லா!” என்று சுயம்பு அடுத்த ரீலைத் தட்டினான்.

கணேசபாண்டியன் மார்பில் கைவைத்துப் பேசினார். “என் தங்கச்சி ஸ்ரீலேகா வெளிநாட்டுக்காரி இல்ல. இன்னைய தேதி வரைக்கும் அவ இந்தியப் பிரஜைதான், கையில இந்தியப் பாஸ்போர்ட்டுதான். அமெரிக்காவுல ஓட்டும் போட்டுட்டு, இந்தியாவையும் விட்டுக்குடுக்காத வீரப் பொண்ணு! சந்தேகம் இருக்கவன் வாங்க, நான் நிரூபிக்கேன்!”

பின்னாலிருந்து விசில் சத்தமும் கைதட்டலும் கேட்டது.

ஓட்டுப் போட்டதும் அவள்தான், பிரஜை இல்லாததும் அவள்தான். அமெரிக்காவில் தோண்டிக்கொண்டிருப்பவர்களுக்கு வேண்டியது இந்த இரண்டும்தான். இரண்டையும் ஒரே மூச்சில் சேர்த்து, அவள் படத்தையும் பேரையும் போட்டு, கீழே பாட்டு வேறு வைத்து இரண்டு கட்சியும் சேர்ந்து உலகத்துக்கு அனுப்பிவிட்டன.

“பாஸ்போர்ட் விஷயம் இவருக்கு யார் சொன்னா?” என்று கேட்டாள் ஸ்ரீலேகா.

“சார்தான் காலைல போன்ல சொன்னாவ. நீங்கதான சார்?”

நாணு மகள் பக்கம் திரும்பினார். “சொன்னேன்” என்றார். “பெருமையாத்தான் சொன்னேன்.”

“சுயம்பு, எல்லாத்தையும் எடுத்துடுங்க” என்றாள் ஸ்ரீலேகா. “ப்ளெக்ஸ், ரீல் எல்லாத்தையும்.”

“எக்கா, வெளயாடுதியளா? இன்னும் ஒரு வாரத்துல எலெக்‌ஷன். அண்ணன் என்னய உண்டு இல்லன்னு ஆக்கிருவாரு. எதுக்கு எடுக்கணும்னு ஒரு காரணம் சொல்லணும்லா?”

காரணம்! சொன்னால் அதை எதிர்க் கட்சிக்காரன் ரீல் போடுவான். சொல்லாவிட்டால் இவன் எடுக்க மாட்டான்.

“மாப்பிள்ளைக்குப் பிடிக்கல” என்றார் நாணு.

ஸ்ரீலேகா திரும்பி அப்பாவைப் பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். ரேஷன் கடையில் ஒரு பேரைக் கூட்டிச் சொல்ல மாட்டேன் என்று அம்மாவோடு சண்டை போட்டவர். அவர் கண்ணைச் சிமிட்டாமல் சொன்னார். “தெருவில பொண்டாட்டி போட்டோவைத் தொங்கவிட்டிருக்கேளேன்னு கோவிச்சுண்டு பேசவே மாட்டேங்கறார். சம்பந்திகள்ளாம் ஒரு மாதிரி பேசறா. குடும்ப விஷயம்ப்பா.”

“அட, மாப்பிள்ளை சமாச்சாரமா!” சுயம்பு கன்னத்தில் போட்டுக்கொண்டான். “முன்னாலயே சொல்லப்படாதா சார்? பொம்பளப் புள்ள வாழ்க்கைல்லா. நான் அண்ணங்கிட்ட பேசுதேன், அவரு அதெல்லாம் புரிஞ்சிக்கிடுவாரு. ரீல இப்பவே தூக்கிருதேன். ப்ளெக்ஸ சாயங்காலத்துக்குள்ள அவுத்துப்புடுவோம்.”

ஸ்ரீலேகாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அனந்த் பாவம், கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்கத் தெரிந்தவனா? ஆனாலும் அந்தப் பொய்தான் வேலை செய்தது. சுயம்பு கண்ணெதிரே ரீலை அழித்துக் காட்டினான். எதிர்க் கட்சிக்காரனுடைய ரீல் அப்படியே ஓடிக்கொண்டிருந்தது. அதை அழிக்கச் சொல்ல அவர்களுக்கு யாரையும் தெரியாது.

வெள்ளிக்கிழமை முழுக்க அவள் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நாணு பஜாரை இரண்டு தடவை சுற்றிவிட்டு வந்து, எல்லாம் எடுத்தாச்சு, ஒண்ணும் இல்ல என்று ஒவ்வொரு தடவையும் சொன்னார். சாயங்காலம் அனந்த் கூப்பிட்டான். குரலைத் தாழ்த்திப் பேசினான்.

“ஸ்ரீ, நம்ம டவுன் தமிழ் க்ரூப்ல அந்த ‘வீரப் பொண்ணு’ ரீல் வந்துடுத்து. அழிக்கறதுக்கு முன்னாடியே யாரோ மும்பைலேர்ந்து ஃபார்வர்ட் பண்ணியிருக்கா. எல்லாரும் ஹார்ட் போட்டுண்டிருக்கா. ரெண்டு பேர் மட்டும் ஒண்ணும் போடல, பாத்துட்டுச் சும்மா இருக்கா.”

“யாரு அந்த ரெண்டு பேர்?”

“ஒருத்தன் தோத்த கேண்டிடேட்டுக்காக வீடு வீடாப் போனவன்.”

பின்னால் சாதனா, அம்மாவா, அம்மாவா, எனக்குக் குடு என்று குதித்துக்கொண்டிருந்தாள். போனைப் பிடுங்கிக்கொண்டு, “அம்மா, நாளைக்கா நாளன்னிக்கா?” என்று கேட்டாள்.

“இங்கேர்ந்து நாளைக்குக் கெளம்பறேண்டா கண்ணா” என்றாள் ஸ்ரீலேகா. வந்துவிடுவேன் என்று அவளுக்குச் சொல்ல வரவில்லை.

சனிக்கிழமை காலை டாக்சியில் பெட்டிகளை ஏற்றினார்கள். விஜயலக்ஷ்மி வாக்கரோடு வாசல்வரை வந்து குங்குமம் இட்டாள். “போயிட்டு வரேம்மா” என்று எப்போதும் போலச் சொல்லிவிட்டு ஸ்ரீலேகா திரும்பிப் பார்க்காமல் இறங்கினாள். திரும்பிப் பார்த்தால் அம்மா அழுவாள், அம்மா அழுதால் இவள் போக மாட்டாள்.

லேபர் கேம்ப் முனையில் ட்ராபிக்கில் வண்டி ஊர்ந்தது. நாணு திடீரென்று, “ரோக்கோ, ரோக்கோ!” என்று கத்திக் கதவைத் திறந்தார். நடுரோட்டுத் தடுப்புக் கம்பியில், ஒரு பக்கம் கயிறு அறுந்து, காற்றில் புரண்டுகொண்டு ஒரு ப்ளெக்ஸ் தொங்கியது. சுயம்புவின் ஆட்கள் விட்டுவிட்டுப் போன ஒன்று. ஒரு பையன் அதன் முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

எழுபது தாண்டிய மனுஷர், கஞ்சி போட்ட சட்டை, பாலிஷ் போட்ட செருப்பு. ஹார்ன் அடிக்கிற பஸ்களுக்கு நடுவே ஓடித் தடுப்பின் மேல் ஏறிவிட்டார். கயிறு அவிழவில்லை. நகத்தால் பிறாண்டினார், பல்லால் கடித்தார், கடைசியில் துணியையே பிடித்துக் கிழித்தார். மகளின் நெற்றி கிழிந்தது, கண் கிழிந்தது, சிரிப்பு குறுக்கே இரண்டாகப் போயிற்று. “ஏ காகா, காய் கர்தோஸ்!” என்ன பண்ணுகிறாய் என்று மராத்தியில் அதட்டி ட்ராபிக் போலீஸ்காரர் விசில் ஊதினார். ஆட்டோக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். நாணு யாரையும் பார்க்கவில்லை. ‘சோடா, சோடா’, விட்டுவிடு விட்டுவிடு என்று அந்தத் துணியிடமே மராத்தியில் கெஞ்சிக்கொண்டு பிடித்து இழுத்தார். டாக்சிக்குள்ளிருந்த ஸ்ரீலேகா வாயைப் பொத்திக்கொண்டாள்.

கிழித்ததைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். முழங்கையில் ரத்தம். ஒளிவட்டத்தின் மஞ்சள் விளிம்பு அவர் கைக்குள்ளிருந்து நீட்டிக்கொண்டிருந்தது.

“குப்பையில போட்டுடலாம்ப்பா.”

“வேண்டாம். யாராவது எடுப்பா.” ப்ளெக்ஸை மடியில் வைத்து மடித்தார். முகம் உள்பக்கம் போகும்படி மடித்தார். “ஆத்துக்கு எடுத்துண்டு போயிடறேன்.”

குர்லா தாண்டும்வரை நாணு மடித்ததையே மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டிருந்தார். அப்புறம், “அடுத்த வாரம் நான் ஓட்டுப் போடப் போகல” என்றார். “மனசு வரல. லிஸ்ட்ல பேர் இருந்தாப் போறும்னுதான் நானும் இத்தனை வருஷமா நெனச்சிண்டிருந்தேன்.”

“உனக்கு என்னப்பா பயம்? நீ இந்த ஊர்க்காரன்.”

“அப்படித்தான் நெனச்சிண்டிருக்கேன்” என்றார் நாணு.

ஏர்போர்ட் வாசலில் டிரைவர் பெட்டிகளை ட்ராலியில் ஏற்றிக் கொடுத்தான். டிக்கெட் இல்லாதவர்கள் அதற்குமேல் போகக்கூடாது. நாணு மடித்த ப்ளெக்ஸைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றார். ஸ்ரீலேகா குனிந்து அவர் காலைத் தொட்டாள். அவர் ஆசீர்வாதம் பண்ணி அவள் தலையில் கை வைத்தார். யாராவது ‘போறேன்’ என்று சொன்னால் அந்த வீட்டில் நாணு கத்துவார். காய்கறி வாங்கப் போனாலும் ‘போயிட்டு வரேன்’ என்றுதான் சொல்ல வேண்டும். போறேன் என்பது திரும்பி வராதவர்கள் சொல்கிற வார்த்தை என்பார்.

“போயிட்டு வரே—” என்று ஆரம்பித்தாள்.

நாணு பாய்ந்து அவள் வாயைப் பொத்தினார். உள்ளங்கையில் ப்ளெக்ஸின் பெயிண்ட் வாசனை அடித்தது.

“வேண்டாண்டி. வரேன்னு சொல்லாதே. இந்தத் தடவை போறேன்னு சொல்லு. போறேன்னு சொல்லிட்டுப் போ.”

அவர் கையை எடுத்த பிறகும் அவளால் அதைச் சொல்ல முடியவில்லை. பின்னால் ட்ராலிகள் வரிசை கட்டி நின்றன, யாரோ ஹிந்தியில் முணுமுணுத்தார்கள். நாணு கண்ணை எடுக்காமல் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“போறேன்ப்பா” என்றாள். சொல்லிவிட்டுப் பாஸ்போர்ட்டைக் கையில் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.